வீட்டுக் கடனும் செங்கல் கணக்கும்

கிராமத்துக் குடும்பம் ஒன்று தன் தலைமுறையில் பெரும்பாலும் ஒரே தடவைதான் வீடு கட்டுகிறது. விதைக்கும் எருவுக்கும் வாங்கிய கடன் அறுவடையோடு தீரலாம். மாட்டுக்கு வாங்கிய கடனை மாடே பாலாலும் உழைப்பாலும் அடைத்துவிடும். வீட்டுக்கென்று வாங்கிய கடனோ பத்து, பதினைந்து வருஷம் அக்குடும்பத்தின் தோளைவிட்டு இறங்குவதில்லை. அவ்வளவு நீண்ட பாரத்தைச் சுமக்கத் துணிகிறவர், மேஸ்திரியைக் கூப்பிட்டு, அடுத்த தெருவில் இன்னார் எப்படிக் கட்டினாரோ அப்படியே கட்டிவிடு என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது வழக்கமாயிருக்கிறது. கடன் மனுவில் ஜாமீன்தாரின் நிலம் எத்தனை சென்ட் என்று துருவிக் கேட்கும் சங்கமும், சுவரின் ஒரு சதுர அடிக்கு எத்தனை செங்கல் செல்கிறது என்று கேட்பதில்லை.

இக்கேள்வியைக் கேட்டுக் கட்டிய கட்டடங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாகர்கோவில் வழியாக ரயிலில் சென்று திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர், தம்பானூர் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தவுடனே, பஸ் நிலையத்தின் அருகில் செந்நிறமான உருண்டைக் கோபுரம் போன்ற ஒன்றைக் காண்பார். அது கோவிலுமன்று, கோட்டையுமன்று, காபி ஹவுஸ். உள்ளே நுழைந்தால் மாடிப்படி என்று தனியாக ஒன்றுமில்லை. தரையே சாய்வாக எழுந்து, நடுவிலுள்ள தூணைப் போன்ற பகுதியைச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. அச்சாய்வின் வெளிப்பக்கத்தில், சுவரோடு சேர்த்துக் கட்டிய மேஜைகளும் இருக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சுவரில் செங்கற்களுக்கிடையே விட்ட சிறு துவாரங்களின் வழியாக வெளிச்சமும் காற்றும் எல்லா மேஜைகளுக்கும் வந்து சேர்கின்றன. வெளிச்சுவரில் பூச்சு கிடையாது. செங்கல்லின் நிறமே கட்டடத்தின் நிறம்.

சங்க அங்கத்தினர்களுக்கு இக்கட்டடத்தின்மேல் வேறொரு பற்றுதலும் உண்டாக நியாயமுண்டு. காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த சிப்பந்திகள், ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து, 1957-இல் டில்லியிலும் 1958-இல் திருச்சூரிலும் தங்கள் சொந்தப் பொறுப்பில் காபி ஹவுஸ்களைத் திறந்தார்கள். தம்பானூர்க் கடையும் அவ்வகைச் சங்கத்தின் உடைமையே. பரிமாறுகிறவர்களே சொந்தக்காரர்களாயுள்ள ஒரு ஸ்தாபனம், பகட்டுக்குச் செலவிடாமல் இவ்வாறு ஒரு கட்டடத்தை எழுப்பிக்கொண்டது பொருத்தமே.

இதை வகுத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்து, அங்கேயே கட்டடக்கலை பயின்றவர். யுத்தகாலத்தில் வைத்திய உதவிக் குழுவோடு சீனாவுக்குப் போய், ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து தம் மனத்தைவிட்டு நீங்கவில்லை என்று அவர் பிற்காலத்தில் கூறி வந்தார். 1945-இல் குஷ்டரோகிகளின் சேவைக்கான ஒரு மிஷனில் கட்டட நிபுணராக இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகட் என்னும் ஊரில் சுமார் பதினைந்து வருஷம் வாழ்ந்தார். அவருக்கு உண்மையான கட்டடப் பள்ளிக்கூடம் அந்த மலைக்கிராமமே. காலேஜில் படித்த பெயர் தெரியாத கற்களும், மண்ணும், சாணமும், அம்மக்கள் கையில் குளிருக்கும் மழைக்கும் தாங்கும் வீடுகளாவதை அவர் கண்டார். 1960-களில் குடும்பம் கேரளத்துக்கு வந்தது. 1970 முதற்கொண்டு திருவனந்தபுரமே அவருடைய வேலைக்களமாயிற்று. 1989-இல் இந்தியப் பிரஜையானார். 2007-இல் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார்.

அவருடைய முறை முழுவதும் ஒரு கேள்வியில் அடங்கும். கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பையும் பார்த்து, இது இருந்தே தீர வேண்டுமா என்று கேட்பார். சுவருக்குப் பூச்சு வேண்டுமா? கதவுக்கு நிலை வேண்டுமா? ஜன்னலின் மேல் கான்கிரீட் லிண்டல் வேண்டுமா, அல்லது செங்கல் வளைவே போதுமா? வேண்டாமென்று தெரிந்ததை விட்டுவிடுவார். இது கேட்பதற்கு எளிது. செய்வதற்கு மேஸ்திரியின் முகத்தையும் மைத்துனரின் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறபடியால் கடினம்.

அவர் பரவச் செய்த முறைகளில் கிராமவாசிகளுக்கு அதிகப் பிரயோசனமானது எலிப்பொறிக் கட்டு என்னும் சுவர். இங்கிலாந்தில் முன்பே வழங்கிய இதைக் கேரளத்தில் அவர் நிலைநாட்டினார். எலி பிடிக்கும் பெட்டியைப்போல் சுவருக்குள்ளே சிறு அறைகள் அமைவதால் இப்பெயர். எலிக்கும் இதற்கும் வேறு சம்பந்தமில்லை.

சாதாரணமாகக் கொத்தனார் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுகிறார். சாந்தையும் சேர்த்து ஒரு கல் 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல கனம் என்று கொள்ளலாம். எலிப்பொறிக் கட்டில் இக்கல்லைப் படுக்கவைக்காமல், 9 அங்குலமும் 3 அங்குலமும் உள்ள பக்கத்தின்மேல் நிறுத்தி வைக்க வேண்டும். சுவரின் வெளிமுகத்தில் ஒரு கல், உள்முகத்தில் ஒரு கல், இரண்டும் நீளவாட்டில் நிற்கும். சுவரின் கனம் 9 அங்குலம். இரு கற்களும் 3 அங்குலம் வீதம் அடைத்துக்கொண்டால் நடுவில் 3 அங்குலம் வெற்றிடம். இந்த ஜோடியை அடுத்து, ஒரு கல்லைக் குறுக்கே, சுவரின் முழுக் கனத்துக்கும் நிறுத்தி இரு முகங்களையும் பிணைக்க வேண்டும். மறுபடியும் ஒரு ஜோடி, மறுபடியும் ஒரு குறுக்குக் கல். இவ்வாறே வரி முடியும். மேல்வரியில் குறுக்குக் கல், கீழ்வரி ஜோடியின் நடுவில் வந்து உட்காரும்படி மாற்றிக் கட்டுவது முக்கியம்.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். சுவரில் ஓர் அடி நீளமும் 4½ அங்குல உயரமும் உள்ள துண்டை எடுத்துக்கொண்டால், எலிப்பொறிக் கட்டில் அதற்குள் இருப்பன ஒரு ஜோடியும் ஒரு குறுக்குக் கல்லும், ஆக 3 கற்கள். அதே துண்டைப் படுக்கைக் கற்களால் 9 அங்குலத்துக்கு நிரப்பினால் 4 கற்கள் செல்லும். ஆகவே நான்கு வைக்கும் இடத்தில் மூன்று. சதுர அடிக்கு, 10⅔ கல்லுக்குப் பதிலாக 8 கல். கதவும் ஜன்னலும் போக 1,200 சதுர அடி சுவருள்ள ஒரு சிறு வீட்டுக்கு 12,800 செங்கல் வேண்டியிருக்க, இம்முறையில் 9,600 போதும். மூலைகளிலும் வாசல் ஓரங்களிலும் கெட்டியாகக் கட்ட வேண்டியிருப்பதால் மிச்சமாகும் 3,200-இல் சில நூறு குறையும். வரிகளின் எண்ணிக்கை குறைவதால் சாந்தும் கணிசமாக மிச்சப்படுகிறது.

செங்கல்லைத் திருடிக்கொண்ட சுவர் நிற்குமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயமே. நல்ல செங்கல்லில் ஒழுங்காகக் கட்டிய இச்சுவர் ஒரு மாடியுள்ள சாதாரண வீட்டின் சுமையைத் தாங்கும். சுமையைத் தாங்குவது இரு முகங்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குக் கற்களுமே. நடுவில் அடைத்திருந்த கல் அதிக வேலை செய்யாமல் கூலி வாங்கியது போன்றது. வெற்றிடத்தில் அடைபட்ட காற்றோ ஓயாமல் ஒரு வேலை செய்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனபடியால் மேற்கு வெயில் வெளிமுகத்தைக் காய்ச்சினாலும் அந்தக் காய்ச்சல் உள்முகத்துக்கு மெதுவாகவும் குறைவாகவுமே வந்து சேரும்.

ஆனால் இச்சுவர் கவனக்குறைவை மன்னிக்காது. அடித்தளத்தின்மேல் முதல் வரியும், ஜன்னலின் கீழ்மட்டத்திலும் மேல்மட்டத்திலும் வரும் வரிகளும், கூரை உட்காரும் கடைசி வரியும், கதவு ஜன்னல்களின் ஓரங்களும் வெற்றிடமில்லாமல் கெட்டியாக இருக்க வேண்டும். சாந்து பரப்பும்போது 3 அங்குல அகலமுள்ள மரச்சட்டத்தை வெற்றிடத்தின்மேல் வைத்துக்கொண்டால் சாந்து உள்ளே விழாது. இதைச் செய்யாத கொத்தனார் பொந்துகளைச் சாந்தால் நிரப்பி, மிச்சப்படுத்திய சிமெண்டையெல்லாம் அங்கேயே புதைத்துவிடுவார். மின்சாரக் குழாய் எங்கே வரும் என்பதை முன்னதாகவே தீர்மானிக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு உளியால் கொத்தக் கூடாது. பூமியதிர்ச்சி காணும் பிரதேசங்களில் மூலைகளிலுள்ள வெற்றிடத்தில் கம்பி நிறுத்திக் கான்கிரீட் இடுவதும் உண்டு. அதற்கு அந்த வெற்றிடமே தயாராயிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய நிபந்தனை செங்கல்லே. கற்கள் ஒரே அளவாக, விளிம்பு நேராக, நன்றாக வெந்திருக்க வேண்டும். இரண்டு கல்லை எடுத்துத் தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. இரவு முழுவதும் தண்ணீரில் ஊறிய பின்னும் கரையாமல் இருக்க வேண்டும். கோணிய கல்லும் வேகாத கல்லும் வரும் சூளையை நம்பி இம்முறையில் இறங்குகிறவர், பூசி மறைக்கவும் வழியில்லாமல், மழைக்காலத்தில் கஷ்டப்படுவார்.

சுவருக்கு அடுத்தது மேல்தளம். கான்கிரீட் தளம் சுமையால் சிறிது கீழ்நோக்கி வளையப் பார்க்கும்போது, அதன் மேற்பாதி நெருக்கப்படுகிறது, கீழ்ப்பாதி இழுக்கப்படுகிறது. நெருக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட்டுக்கு நிகரில்லை. இழுப்பைத் தாங்குவதில் அது பலவீனம். கீழ்ப்பாதியில் இழுப்பைத் தாங்குவது கம்பி; அங்குள்ள கான்கிரீட், கம்பியைப் பிடித்துக்கொண்டும் துருப்பிடிக்காமல் மூடிக்கொண்டும் இருப்பதோடு சரி. அப்படியானால் கம்பிகளுக்கு நடுவே, கீழ்ப்பாதியில், இவ்வளவு விலையுயர்ந்த பொருளைக் கொட்டுவானேன் என்று பேக்கர் கேட்டார். அவ்விடங்களில் சீமை ஓடுகளை இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே கான்கிரீட் இட்டார். கான்கிரீட்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். தளத்தின் எடை குறைவதால் கம்பியிலும் ஓரளவு மிச்சம். இரு ஓடுகளுக்கிடையே அடைபட்ட காற்று மாடிச் சூட்டைத் தடுக்கிறது. கீழிருந்து பார்த்தால் சிவந்த ஓடுகள் வரிசையாகத் தெரியும். அழகுக்கென்று வேறு செலவு தேவையில்லை. உடைந்த ஓடு, மழையில் நனைந்து பாசி பிடித்த பழைய ஓடு ஆகியவையும் இதற்கு உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஓடுகள் எங்கெங்கே வரலாம், கம்பி எவ்வளவு கனம், எவ்வளவு இடைவெளி என்பவற்றைத் தேர்ந்த என்ஜினீயரே கணக்கிட வேண்டும். சுவரின் விளிம்பையும் உத்திரத்தையும் ஒட்டி ஓடு வைக்காமல் முழுக் கான்கிரீட்டாகவே விடவேண்டும். ஓடுகளை நன்றாக நனைத்த பிறகே கான்கிரீட் போட வேண்டும். இல்லாவிடில் உலர்ந்த ஓடு கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சுவரை அனுபவமுள்ள கொத்தனார் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். தளத்தைப் பார்த்த மாத்திரத்தில் காப்பியடிக்கக் கூடாது.

பேக்கர் வளைவுச் சுவர்களில் பிரியமுள்ளவர். தம்பானூர்க் காபி ஹவுஸ் மாத்திரமன்றி, உள்ளூர் என்னும் பகுதியிலுள்ள வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நூல்நிலையக் கோபுரமும் வட்டமே. அந்த மையம் 1970-களின் தொடக்கத்தில் ஒரு குன்றின் சரிவில், மேடுபள்ளங்களை வெட்டிச் சமப்படுத்தாமலும் மரங்களைக் கூடியவரை வெட்டாமலும் கட்டப்பட்டது. வட்டத்தில் விருப்பம் வைத்ததற்கு அழகு மாத்திரம் காரணமன்று. 44 அடிக் கயிற்றைச் சதுரமாக வளைத்தால் அதற்குள் 121 சதுர அடி அடங்கும். அதே கயிற்றை வட்டமாக வளைத்தால் 154 சதுர அடி அடங்கும். ஒரே அளவு சுவருக்கு 33 சதுர அடி கூடுதல் இடம். ஆயினும் கட்டிலையும் பீரோவையும் வட்டச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. ஆகவே தானியக் கிடங்குக்கும் வாசகசாலைக்கும் ஏற்றதைப் படுக்கையறைக்கும் ஏற்றதென்று சொல்லுவதற்கில்லை.

துவாரச் சுவர் விஷயத்திலும் இவ்வாறே யோசிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் வருஷத்தில் பெரும்பாகம் காற்றில் ஈரம் மிகுதி. உடம்பின் வியர்வை உலரும்படி காற்று வீட்டுக்குள் ஓயாமல் ஓட வேண்டும். அங்கே துவாரச் சுவர் தெய்வம் தந்தது போன்றது. ஜன்னலைவிட மலிவு, கம்பியும் கண்ணாடியும் வேண்டாம், திருடனும் நுழைய முடியாது. மதுரை, திருச்சிராப்பள்ளி பக்கங்களில் சித்திரை வைகாசி மாதங்களில் பகற்காற்று அனல். அது வீட்டுக்குள் வராமலிருப்பதே சுகம். புழுதியும் கொசுவும் வேறு. அப்பக்கங்களில் துவாரச் சுவரைத் தாழ்வாரத்துக்கும், சமையலறையின் மேற்பாகத்துக்கும், சங்கக் கிடங்குக்கும் வைத்துக்கொள்ளலாம். அறை முழுவதும் வைப்பது பொருந்தாது. அண்டை நாட்டு முறை என்பதற்காகவே ஏற்பதும் தள்ளுவதும் தவறு.

இவ்வளவு சொல்லியும், இம்முறை தன் பிறப்பிடத்திலேயே எல்லா வீடுகளுக்கும் பரவிவிடவில்லை. காரணம் சாந்திலும் கம்பியிலும் இல்லை. மனிதர் மனத்தில் இருக்கிறது. கிராமத்தில் பூசாத சுவர் என்றால் பணம் போதாமல் நின்றுபோன வீடு என்று அர்த்தம். பெண் பார்க்க வருகிறவர்கள் சுவரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பூச்சுக்கும் சாயத்துக்கும் இன்னும் ஒரு கடன் வாங்கியாவது அந்தப் பேச்சைத் தவிர்க்கத் தோன்றுவது சகஜமே. அதை ஏளனம் செய்வதில் பயனில்லை. பணக்காரர் ஒருவர் தம் புது வீட்டைப் பூசாமல் விட்டால் அது நாகரிகம் என்றும், ஏழை விட்டால் அது இல்லாமை என்றும் பேசுகிற ஊரில், ஏழை முதலில் துணிய வேண்டும் என்று உபதேசிப்பது நியாயமுமன்று. பஞ்சாயத்துக் கட்டடம், பள்ளிக்கூடம், சங்கக் காரியாலயம் ஆகிய பொதுக் கட்டடங்கள் முதலில் துணிந்தால், ஒரு குடும்பத்தின்மேல் மாத்திரம் பேச்சு வராது. தம்பானூர்க் காபி ஹவுஸ் செய்த பெரிய காரியம் ஒருவேளை அதுவே. அமைச்சரும் மூட்டை தூக்குகிறவரும் அடுத்தடுத்த மேஜையில் அமர்ந்து காபி அருந்தும் இடத்தின் சுவரே பூசாமல் நிற்கும்போது, பூசாத சுவர் இல்லாமையின் அடையாளம் என்று அங்கே எவரும் எளிதில் சொல்ல முடியாது.

மிச்சமாகும் தொகை அற்பமென்று எண்ணுகிறவர்கள் வட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செங்கல், சாந்து, பூச்சு, சாயம் ஆகியவற்றில் ஓர் அங்கத்தினருக்கு 50,000 ரூபாய் மிச்சப்பட்டதென்று வைத்துக்கொள்ளலாம். அத்தொகையை அவர் வருஷத்துக்கு 100-க்கு 9 வட்டியில், பத்து வருஷத்தில் மாதத் தவணையாக அடைப்பதற்குக் கடன் வாங்கியிருந்தால், மாதம் சுமார் 633 ரூபாய் வீதம் முதலும் வட்டியுமாக ஏறக்குறைய 76,000 ரூபாய் கட்டியிருப்பார். அவர் மிச்சப்படுத்தியது ஐம்பதினாயிரமன்று, எழுபத்தாறாயிரம்.

பணம் எங்கே போகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சிமெண்டுக்கும் சாயத்துக்கும் கொடுக்கும் பணம் அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விடுகிறது. பூசாத சுவரைக் கட்டக் கொத்தனார் நிதானமாக, மட்டக்கயிறும் தூக்குக்குண்டும் பிசகாமல் வேலை செய்ய வேண்டும். நாளும் சற்றுக் கூடும். அந்தக் கூலியோ ஊர்க் கடையிலும் சந்தையிலும் செலவாகி, சங்கத்தின் சேமிப்புக் கணக்குக்கே ஒரு பங்கு திரும்பி வரும். கொத்தனார் கூலி ஏறிவிட்டது என்று முறையிடுகிறவர்கள், ஏறிய கூலி யாருடைய வீட்டு உலையில் அரிசியாகிறது என்பதையும் பார்ப்பது நல்லது.

சிமெண்டைக் குறைப்பதற்கு இன்னொரு நியாயமும் இக்காலத்தில் சேர்ந்திருக்கிறது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துபோகிறது; சுடுவதற்கு எரித்த நிலக்கரியின் புகை வேறு. உலகத்தில் மனிதர் வெளிவிடும் இவ்வாயுவில் 100-க்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டு உற்பத்தியால் வருகிறது. பருவம் தப்பிப் பெய்யும் மழைக்கும் அளவுக்கு மீறிய வெயிலுக்கும் இவ்வாயு ஒரு காரணம் என்பதனால், இது பயிரிடுகிறவர்களுக்கு அந்நியமான விஷயமன்று.

செங்கல்லும் குற்றமற்றதன்று. அதைச் சுடவும் விறகோ கரியோ வேண்டும். வயலின் மண்ணை வெட்டிச் சூளைக்குக் கொடுத்தால் வயல் பள்ளமாகிறது. ஆகையால் சூளைச் செங்கல் மோசமாகவோ அரிதாகவோ உள்ள ஊர்கள் வேறு வழியைப் பார்க்கலாம். புதுச்சேரியின் அருகே ஆரோவில்லில், 1989-இல் தொடங்கிய மண் கட்டட நிலையம், சுடாத மண்கல்லைச் செய்து காட்டி வருகிறது. சல்லடையில் சலித்த மண்ணோடு 100-க்கு 5 பங்கு சிமெண்டும் சிறிது தண்ணீரும் கலந்து, கையால் இயக்கும் இரும்பு யந்திரத்தில் அழுத்தி எடுத்து, நான்கு வாரம் நிழலில் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தினால் அக்கல் சுவருக்கு உதவும். எல்லா மண்ணும் இதற்கு ஆகாது. வேரும் மக்கும் நிறைந்த மேல்மண்ணை ஒதுக்கி வயலுக்கே திருப்பிவிட்டு, அதன் கீழுள்ள மண்ணை எடுக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால், பரலும் மணலும் முதலில் அடியில் தங்கும், அதன்மேல் வண்டல், கடைசியாகக் களி. பரலும் மணலுமாகப் பாதிக்கு மேலும், களி ஐந்தில் ஒரு பங்கும் இருக்கும் மண் நல்லது. களி மிகுந்த கரிசல் மண், சிமெண்டு சேர்த்தாலும் வெடிக்கும். கரிசல் காட்டு ஊர்கள் இதில் இறங்க வேண்டாம்.

பேக்கர் தமது கட்டடங்களைக் காரியாலயத்தில் இருந்துகொண்டு நடத்தவில்லை. வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார்களோடு நின்று, பழைய காகித உறைகளின் முதுகில் படம் வரைந்து, அங்கேயே மாற்றி மாற்றிக் கட்டினார். இம்முறை ஒரு மனிதரோடு போய்விடக் கூடாதென்று, 1985-இல் கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் சி. அச்சுத மேனோன், பொருளாதார நிபுணர் கே. என். ராஜ், டி. ஆர். சந்திரதத் ஆகியோரோடு அவரும் சேர்ந்து திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு காஸ்ட்ஃபோர்டு என்னும் நிலையத்தை ஸ்தாபித்தார். அங்கே கொத்தனார்களுக்கு இவ்வேலையில் பயிற்சி தரப்பட்டது. தனி மனிதர் ஒருவர் தமக்காக ஒரு கொத்தனாரைப் பயிற்றுவித்தால் செலவு முழுவதும் அவர் தலைமேல் விழும். முதல் வீட்டில் வரும் பிழைகளும் அவர் வீட்டிலேயே நிற்கும். பத்து அங்கத்தினர்கள் ஒரே வருஷத்தில் கட்ட எண்ணும் சங்கம், இரண்டு கொத்தனார்களைப் பயிற்சிக்கு அனுப்பலாம். ஒரே சூளையோடு பேசி ஒரே அளவான செங்கல்லை மொத்தமாக வாங்கலாம். வளைவுக்கு வேண்டிய மரச்சட்டங்களை ஒரு தடவை செய்து வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கு முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சங்கக் காரியாலயத்தின் காலிமனையில் எட்டடி நீளமும் இடுப்பளவு உயரமும் உள்ள ஒரு மாதிரிச் சுவரை எலிப்பொறிக் கட்டில் கட்டச் சொல்லலாம். அதற்கு 200 செங்கல் தாராளமாகப் போதும். மேல்வரியைக் கெட்டியாக மூடாமல் விட்டால் உள்ளேயுள்ள அறைகள் யாவருக்கும் தெரியும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அது நிற்கட்டும். மழை வருவதற்கு முன் அந்த அறைகளை ஒரு பலகையால் மூடிவைக்க மறக்கக் கூடாது. தண்ணீர் தேங்கி ஊறிய சுவரைக் காட்டி, பார்த்தீர்களா என்று சொல்ல ஊரில் ஒருவராவது காத்திருப்பார்.